கெபூரா, குடிசைக்காரனா?

1066-க்கு முந்தைய ஆங்கிலோ-சாக்சன் இங்கிலாந்தில் கதை அமைப்பவர்கள் கெபூர் (பிரபுவின் நிலத்தில் அவருக்குக் கட்டுப்பட்டு உழுபவன்), குடிசைக்காரன் (சிறு நிலம் வைத்திருந்த ஏழை உழவன்) என்ற இருவரில் எந்த உழவனை நாயகனாக்குவது என்று தடுமாறுகிறார்கள். பண்ணைக்குப் பண்ணை வழக்கம் மாறும். அக்கால ஆவணம் ஒன்று சொல்வது இது.

நிலம்: கெபூருக்குச் சுமார் 30 ஏக்கர், குடிசைக்காரனுக்கு 5.

பிரபுவுக்கு உழைப்பு: கெபூர் வாரம் 2 நாள், குடிசைக்காரன் திங்கள் மட்டும். அறுவடையில் இருவருக்கும் வாரம் 3 நாள்.

குத்தகை: கெபூர் 10 பென்னி, குடிசைக்காரனுக்கு இல்லை. ஆனால் சுதந்திர மனிதன் என்பதால் அடுப்புக் காசு (தேவாலயத்துக்கான வீட்டு வரி) கட்டுவான்.

தொழில் தொடங்க முதலீடு: கெபூருக்கு 2 எருது, 1 பசு, 6 செம்மறியாடு, விதைத்த 7 ஏக்கரைப் பிரபுவே தருவார். கெபூர் இறந்ததும் அவன் விட்டுச்சென்றதைப் பிரபுவே எடுத்துக்கொள்வார். ஆயுள் முழுக்க உழைத்தவன் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? கொடுமையான ஏற்பாடு.

வாரிசுத் துயரம் கதையின் மையமென்றால் கெபூர். அன்றாடப் பிழைப்புப் போராட்டமென்றால் குடிசைக்காரன். நான் கெபூரையே தேர்ந்தெடுப்பேன்.