தெரிந்த வட்டமா, தெருக் குழுவா?

தொண்டுச் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஆள் தேட இரண்டு வழி. பாளையங்கோட்டையில் தெரிந்த வக்கீல், ஆடிட்டர், ஓய்வுபெற்ற பேராசிரியரைக் கேட்பது ஒன்று. ஒரே வாரத்தில் வேலை முடியும். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி செயற்குழுவில் 3 பேர் இருந்தாலே போதும். ஆனால் எல்லோரும் ஒரே வட்டம்.

இன்னொன்று, மேலப்பாளையத்துப் பீடி சுற்றும் பெண்களின் சுய உதவிக் குழு, பத்தமடையில் பாய் நெய்பவர்கள் வழியாகப் போவது. மாதக்கணக்கில் ஆகும். மடியில் பீடித் தட்டோடு இலை வெட்டிக்கொண்டே ஓர் அக்கா கேட்டார்: "கூட்டம் எத்தன மணிக்கு? பஸ் காசு தருவியளா?" சரியான கேள்வி. கூலி கெடாத நேரம், பயணப்படி, தமிழில் கணக்கறிக்கை இல்லாமல் அவர்களைக் கூப்பிடவே கூடாது. ஒருவரை மட்டும் சேர்த்தால் வாய் திறக்கத் தயங்குவார். இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். என் ஓட்டு இதற்குத்தான். ஆடிட்டர் செயற்குழுவில் இல்லாமலே கணக்குப் பார்த்துத் தரலாம்.