நாலாம் நாள் போட்டோவிலும் விபூதி அழியவில்லை

வேலூரில் காசு வாங்கிக்கொண்டு நாயைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் நாயை விட்டுவிட்டு ஊருக்குப் போகலாம் என்று இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்கள் நாயை விட்ட இடத்தின் பெயரைக் கேட்காதீர்கள், புகார் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், அது முடியும் வரை சொல்ல மாட்டேன். அதுவும் தவிர, பெயர் தெரிந்தால் அந்த ஒரு இடத்தைத்தான் தவிர்ப்பீர்கள். எதைப் பார்க்காமல் நான் ஏமாந்தேன் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

எங்கள் பையன் பெயர் வெல்லம். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் ரோடு போட்ட சமயம் ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் கிடந்த நாட்டு நாய்க்குட்டி, அச்சு வெல்ல நிறம். இப்போது நாலு வயது, 17 கிலோ. இதுவரை ஒரு ராத்திரிகூட எங்களை விட்டு இருந்ததில்லை.

மே மாதம் நாத்தனார் வீட்டுக் காதுகுத்து. கோயில் திருநெல்வேலியையும் தாண்டி. போக வர ஆறு நாள். ரயிலில் கூட்டிப்போக முடியுமா என்று முதலில் காட்பாடி ஸ்டேஷனில் விசாரித்தோம். ஸ்லீப்பர், தேர்டு ஏசி, செகண்ட் ஏசி எதிலும் நாயை ஏற்றக் கூடாது. ஃபர்ஸ்ட் ஏசியில் கூபே என்கிற தனி அறை முழுவதையும் நாமே எடுத்துக்கொண்டால் ஏற்றலாம். இல்லையென்றால் கார்டு வேனில் இருக்கும் நாய்ப்பெட்டி. அக்னி நட்சத்திரத்தில் அந்தப் பெட்டிக்குள் வெல்லத்தைப் போட மனசு வரவில்லை. கூபேக்குக் காசு வரவில்லை.

அப்போதுதான் இன்ஸ்டாகிராமில் இந்த இடம் கண்ணில் பட்டது. ஊருக்கு வெளியே, தோப்பை ஒட்டி. ஏசி ரூம், 24 மணி நேர கேமரா, தினம் இரண்டு போட்டோ, ஒரு நாளைக்கு 700 ரூபாய். நேரில் போய்ப் பார்த்தோம். முன் அறையில் டைல்ஸ் தரை, குட்டி மெத்தை, சுவரில் நாய்ப் பாதம் வரைந்திருந்தார்கள். ஏசி ஜில்லென்று ஓடியது. "உள்ள வேற நாய்ங்க கீதுக்கா, புது ஆளுங்கள பாத்தா கத்தும், அதான் யாரையும் பின்னாடி வுடறதில்ல" என்றார் நடத்துகிறவர். நியாயமாகத்தான் பட்டது. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் அப்போது கவனிக்கவில்லை. நான் பொறுப்பாக வெல்லத்தின் தடுப்பூசி புத்தகத்தைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. என் நாயின் ஊசிக் கணக்கைக் கேட்காதவர் பக்கத்துக் கூண்டு நாயின் கணக்கையும் கேட்டிருக்க மாட்டார். வெறிநோய் ஊசி, பார்வோ, டிஸ்டம்பர் சேர்ந்த ஊசி, நாய்கள் கூடுகிற இடத்தில் சட்டென்று பரவும் கென்னல் காஃப் இருமலுக்கான ஊசி, இவற்றைக் கேட்டுப் பார்த்து எழுதிக்கொள்ளாத இடத்தில் நாயை விடாதீர்கள். பில்லும் தரவில்லை. அட்வான்ஸ் 2000 ரூபாயை அவருடைய சொந்த நம்பருக்கு ஜிபே செய்தோம்.

கிளம்பும்போது வழக்கம்போல அவன் நெற்றியில் விபூதி பூசிவிட்டு வந்தேன்.

போட்டோ ஒழுங்காக வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மெத்தைமேல் உட்கார்ந்தபடி, பந்தோடு, கிண்ணத்தின் முன்னால். நாத்தனார் வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். நாலாம் நாள் சாயங்காலம் என் மகள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இவன் நெத்தியில இன்னும் விபூதி இருக்கு பாரேன்" என்றாள்.

வீட்டில் பூசினால் அரை மணி நேரம் தாங்காது. தரையில் முகத்தைத் தேய்த்து அழித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். வயிற்றில் என்னமோ செய்தது. போன் போட்டேன். "அண்ணன் வெளிய போய்க்கீறாருக்கா" என்றது ஒரு பையன் குரல். வீடியோ கால் கேட்டால் இங்க நெட்டு வராது என்றான். நெட்டு வராத இடத்திலிருந்து தினம் இரண்டு போட்டோ எப்படி வருகிறது? என் வீட்டுக்காரர், "இன்னும் ரெண்டு நாள்தானே, காதுகுத்து வீட்ல மூஞ்சத் தூக்கிக்கினு இருக்காத" என்றார். இருந்துவிட்டேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் தூக்கம் போகிறது.

ஆறாம் நாள் விடியற்காலை காட்பாடியில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல், சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டோவில் நேராக அங்கே போனோம். முன் அறை பூட்டியிருந்தது. பக்கவாட்டில் சந்து வழியாகப் பின்னால் போனோம்.

சிமென்ட் ஷீட் போட்ட கொட்டகை. வரிசையாகக் கோழிக்கூண்டு மாதிரி கம்பிக் கூண்டுகள், தரையும் கம்பிவலைதான். பதினாலு நாய்கள் எண்ணினேன். ஃபேன் ஒன்றே ஒன்று, அதுவும் பையனின் கட்டிலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அந்த வாரம் பேப்பரில் வேலூருக்கு 107 டிகிரி என்று போட்டிருந்தான். நாய்க்கு நம்மைப் போல உடம்பு வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும், அதற்குத் தண்ணீர் வேண்டும். வெல்லத்தின் கூண்டில் கட்டியிருந்த பிளாஸ்டிக் டப்பா காய்ந்து கிடந்தது. எங்களைப் பார்த்து அவன் குரைக்கவில்லை. வால் மட்டும் கம்பியில் தட் தட் என்று அடித்தது.

முழங்கை இரண்டும் தோல் உரிந்து ரணம். கம்பியில் முட்டி முட்டி மூக்கு நுனி உரிந்திருந்தது. காதைத் திருப்பினால் ஆமணக்கு விதை மாதிரி உப்பின உண்ணிகள். அன்றைக்கே எடை போட்டோம், 14 கிலோ 200.

அந்தப் பையனுக்குப் பதினாறு, பதினேழு வயதிருக்கும். அவன்மேல் கோபம் வரவில்லை, அவனும் அந்தச் சூட்டில்தான் கிடக்கிறான். அவன்தான் சொன்னான்: "வந்த அன்னிக்கே முன் ரூம்ல வெச்சி பத்து பதினஞ்சு போட்டோ புட்ச்சி வெச்சிக்குவாருக்கா. அப்பால தெனிக்கும் ஒன்னு ஒன்னா அனுப்புவாரு."

நடத்துகிறவர் எட்டு மணிக்கு வந்து, "ஒன்னியும் ஆவலக்கா, நல்லாத்தான் கீது. உண்ணி உங்க வூட்லயே இருந்திருக்கும்" என்றார். பாக்கி 2200 ரூபாயையும் கேட்டார். கொடுக்கவில்லை.

உண்ணி விஷயத்தில் என் தப்பும் உண்டு. அந்த மாதத்து உண்ணி மாத்திரையை ஊருக்குப் போகிற அவசரத்தில் விட்டுவிட்டேன். ஆனால் ஆறு நாளில் அத்தனை உண்ணி ஏறுகிறதென்றால் அது கொட்டகையின் உண்ணி. பெட்டை உண்ணி கீழே விழுந்து சுவர் விரிசலிலும் கூரை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். வளர்ந்த உண்ணி மாதக்கணக்கில் பட்டினியாகவே காத்துக் கிடக்கும். நாயை மட்டும் குளிப்பாட்டிப் பிரயோசனம் இல்லை, சுவருக்கும் மருந்து அடிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பத்தாம் நாள் சோற்றைத் தொடவில்லை. ஈறு வெளுத்திருந்தது. காய்ச்சல் 104. நாய்க்கு 101, 102 சாதாரணம் என்பதால் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள், தெர்மாமீட்டர் வையுங்கள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தட்டணு (பிளேட்லெட்) 46 ஆயிரம், குறைந்தது ஒன்றரை, இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் 28 நாள், வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. கடித்த அன்றே இந்தக் காய்ச்சல் தெரியாது, ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் வெளியே வரும். அதனால் நாயை எங்கேயாவது விட்டுக் கூட்டிவந்தால் மூன்று வாரம் ஈறையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொண்டே இருங்கள். இதுவரை செலவு 11,400 ரூபாய்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். அசையக்கூட இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவை என்றால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். தப்பாக அச்சாகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, நிஜமாகவே ஐம்பது ரூபாய்தான். அதனால் நுகர்வோர் வழியில் போகிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்குமான புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாவிட்டாலும் ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் போட்டோக்கள், டாக்டர் சீட்டு இருக்கின்றன. அந்த விபூதி போட்டோவைத்தான் முதல் பக்கத்தில் ஒட்டப்போகிறேன்.

இதற்கு நடுவே வீட்டிலும் ஒரு கூத்து. இனி எவனிடமும் விட வேண்டாம், நாமே கூண்டு அடித்து வைத்துவிட்டால் பக்கத்து வீட்டு அம்மா சோறு வைத்துப் பார்த்துக்கொள்வார் என்று என் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறையில் 8500 ரூபாய்க்கு ஒன்று செய்து கொண்டுவந்தார். கூரையும் மூன்று பக்கமும் தகரம். மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே கையை விட்டேன், இட்லிப் பானைதான். வெல்லம் உள்ளே போனான், திரும்ப முடியாமல் பின்னாலேயே நடந்து வெளியே வந்தான்.

விமானத்தில் நாய்ப்பெட்டிக்கு வைத்திருக்கும் அளவுக் கணக்கை அப்புறம்தான் பார்த்தேன். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, தரையிலிருந்து முழங்கை வரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் நீளம். தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு அகலம். நின்றால் காது நுனி எவ்வளவோ அவ்வளவு உயரம். பயணத்துக்கே இது குறைந்தபட்ச அளவு, வீட்டில் நாள் முழுக்க இருக்க இன்னும் தாராளமாக வேண்டும். டேப்பை எடுத்து அளந்தால் பட்டறைக் கூண்டு நீளத்திலேயே ஒரு சாண் குறைச்சல். தகரத்தைக் கழற்றி எடைக்குப் போட்டோம். கூண்டின் கம்பிச் சட்டத்தை நீட்டி, மேலே சரிவாகத் தென்னங்கீற்று வேய்ந்து, தரையில் நாலு விரல் உயரத்துக்குப் பலகை அடித்து, வாசலை மேற்கு வெயில் படாத பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம். கதவு இன்னும் மாட்டவில்லை.

தீபாவளிக்கு மறுபடி ஊருக்குக் கூப்பிடுகிறார்கள். ஆற்காட்டில் ஒரு இடம் சொன்னார்கள், போன வாரம் மத்தியானம் இரண்டு மணிக்குப் போனேன். பின்பக்கம் பார்க்க வேண்டும் என்றேன். "இப்ப எல்லாம் தூங்குதுங்கக்கா, சாயங்காலம் வாங்க" என்றார்கள். அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டேன். தீபாவளிக்கு என் வீட்டுக்காரரை மட்டும் ஊருக்கு அனுப்பப்போகிறேன்.

வெல்லம் 16 கிலோவுக்கு வந்துவிட்டான். புதுக் கூண்டுக்குள் பிஸ்கட் போட்டால் போய் எடுத்துக்கொண்டு உடனே வெளியே வந்துவிடுகிறான். படுப்பதெல்லாம் துவைக்கிற கல்லுக்கு அடியில், ஈரச் சாக்கின்மேல்.