இட்லிப்பூ, கார்டினியா தொட்டிக்கு எது வாங்கலாம்: ரெடிமிக்ஸா, கழுவின கோகோபீட்டா?

மாடில இட்லிப்பூவும் கார்டினியாவும் வச்சிருக்கறவங்க நிறைய பேரு சொல்றது ஒண்ணுதான், புது இலை மஞ்சளா வருது, நரம்பு மட்டும் பச்சையா நிக்குது, எவ்ளோ உரம் போட்டாலும் தேறமாட்டேங்குதுன்னு. இதுக்கு முக்கால்வாசி காரணம் கலவையோட பிஎச்தான், அதாவது அது அமிலமா காரமான்னு காட்டற அளவு, 7க்குக் கீழன்னா அமிலம், மேலன்னா காரம். இந்தச் செடிங்களுக்கு 5லேர்ந்து 6.5க்குள்ள இருக்கணும், 7 தாண்டிட்டா மண்ணுல இரும்பு கிடந்தாலும் வேரால எடுக்க முடியாது.

நர்சரில விக்கிற ரெடிமிக்ஸ் (கலந்தே வர்ற தொட்டி மண்ணு) மூட்டை ஒண்ணு, பொள்ளாச்சி பக்கத்துலேர்ந்து வர்ற லோ இசி (உப்பு கம்மியான) கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி 5 கிலோ ஒண்ணு, ரெண்டையும் வாங்கி யூஸ் பண்ணிப் பாத்துட்டுதான் எழுதறேன்.

ரெடிமிக்ஸ் மூட்டைல "எல்லா பூச்செடிக்கும்"னு போட்டிருந்தது, உள்ள பாத்தா பாதிக்கு மேல மண்புழு உரம், கூடவே சாம்பல். சாம்பல் பிஎச்ச ஏத்திவிடும், மண்புழு உரமும் பொதுவா 7 பக்கத்துலதான் நிக்கும். ரோஜா, காய்கறிக்கு தாராளமா வாங்கலாம், இட்லிப்பூவுக்கு வேணவே வேணாம்.

கோகோபீட் கட்டி எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. ஊறவச்சா 60 லிட்டருக்கு மேல வருது, பிஎச் 6 பக்கத்துல இருக்கு, வேரு நல்லா ஓடுது. ஆனா வாங்கும்போது "லோ இசி" இல்ல "கழுவினது"ன்னு போட்டிருக்கான்னு கட்டாயம் பாருங்க, கழுவாத கட்டில உப்பு நிறைய இருக்கும், கொஞ்ச நாள்ல இலை ஓரம் கருகிடும், விலை கம்மின்னு அதுல போய் மாட்டிக்காதீங்க. கழுவினதா இருந்தாலும் நான் நல்ல தண்ணில இன்னொரு தடவ அலசிடுவேன்.

அதுல சத்துன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, தனியா போட்டா செடி நிக்காது. பாதி கோகோபீட், கால் பங்கு செம்மண், மீதி நல்லா மக்கின இலைமட்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு, இதுதான் என் கலவை. செம்மண்ணுல நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்க, நுரைச்சா சுண்ணாம்பு இருக்கு, அந்த மண்ண விட்டுடுங்க. முட்டை ஓடும் போடாதீங்க, அதுவும் சுண்ணாம்புதான்.

ஹைட்ரேஞ்சியா ஊட்டில நீலமா பூக்கறதுக்கும் இதே அமில மண்ணுதான் காரணம், அங்க அலுமினியம் வேருக்குக் கிடைக்குது. அதே செடி நம்ம ஊரு தொட்டில ரோஸாதான் பூக்கும், அதுக்காகக் கவலப்படாதீங்க.

தண்ணியையும் பாக்கணும். சுண்ணாம்பு நிறைய இருக்கற போர் தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தா எவ்ளோ நல்ல கலவையா இருந்தாலும் பிஎச் மெல்ல மேல போயிடும். மழைத்தண்ணி பிடிச்சு வச்சு ஊத்துங்க. இலை ஏற்கனவே மஞ்சளாயிட்டா நிறைய பேரு அன்னபேதி (இரும்பு சல்பேட்) போடச் சொல்லுவாங்க, பிஎச் ஏறின மண்ணுல அது சீக்கிரமே செடிக்கு எட்டாமப் போயிடும், அதனால உரக்கடைல இடிடிஹெச்ஏ (EDDHA) இரும்புன்னு கேட்டு வாங்குங்க, விலை ஜாஸ்திதான், ஆனா அந்த மண்ணுலயும் வேலை செய்யும்.

கோகோபீட் கட்டிக்கு 5க்கு 4. ஒண்ணு ரெண்டு வருஷத்துல நொறுங்கி அமுங்கிடுது, அப்ப தொட்டிய மாத்தணும், அதுக்குத்தான் ஒண்ணு குறைச்சேன். ரெடிமிக்ஸுக்கு இந்தச் செடிங்க கணக்குல 2தான்.