அணைக்கட்டு என்று போட்டால் மேட்டூர் வருகிறது: வேலூரில் விற்கும் தேர்தல் ‘மூட்’ டாஷ்போர்டு எப்படி?

தேர்தல் நேரத்தில் வேட்பாளர்களின் ஐடி விங்குக்கு, அதாவது சமூக ஊடக அணிக்கு, விற்கப்படும் டாஷ்போர்டு பற்றிய மதிப்பீடு இது. கம்பெனி பெயர் வேண்டாம். நாலைந்து பேர் ஏறக்குறைய ஒரே சரக்கைத்தான் வேறு வேறு நிறத்தில் விற்கிறார்கள். யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் நான்கிலும் விழும் கமென்ட்டுகளை அள்ளி, ஆதரவு பச்சை, எதிர்ப்பு சிவப்பு, இரண்டுமில்லாதது சாம்பல் என்று பிரித்து ஒரு வட்டம் போடுவார்கள். காலையில் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்துவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அந்த வட்டத்துக்குக் கொடுக்கும் பணம் தண்டம். அதற்குப் பின்னால், கமென்ட்டுகளை ஊர்வாரியாகவும் பிரச்சினைவாரியாகவும் அடுக்கித் தரும் பக்கம் மட்டும் காசுக்குப் பெறும். அதுவும் தேடல் சொற்களை வாங்குபவரே உட்கார்ந்து சரிசெய்தால்தான்.

சென்னையில் உட்கார்ந்து தொகுதிப் பெயரை அப்படியே தேடல் சொல்லாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேலூர் மாவட்டத்தை விட நல்ல உதாரணம் கிடைக்காது. இங்கே ஒரு தொகுதியின் பெயரே அணைக்கட்டு. அதைப் போட்டதும் மேட்டூர் நீர்மட்டம், முல்லைப் பெரியாறு சண்டை எல்லாம் வேட்பாளர் கணக்கில் வந்து சேருகின்றன. ‘வேலூர்’ என்று தமிழில் போட்டால் நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூரும் கூடவே வரும். அதுவும் தனி சட்டமன்றத் தொகுதி. காட்பாடி என்றால் பாதி ரயில் லேட்டான புலம்பல். கீழ்வைத்தினான்குப்பம் என்று முழுப்பெயரைப் போட்டால் அநேகமாக ஒன்றும் வராது. ஊரில் எல்லோருக்கும் அது கே.வி.குப்பம்தான்.

சரிசெய்யும் வழி இதுதான். தொகுதிப் பெயர் தனியாக நிற்கக் கூடாது. வேட்பாளர் பெயர், கட்சி, சின்னம், ஒன்றியம், பெரிய கிராமங்கள் இவற்றில் ஒன்றாவது கூட வர வேண்டும். ‘நீர்மட்டம்’, ‘கன அடி’, ‘பரமத்தி’, ‘பிளாட்பாரம்’ போன்றவை விலக்குப் பட்டியலில் இருக்க வேண்டும். குடியாத்தத்தை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்களோ அத்தனையும் வேண்டும். நம் ஊரில் வேட்பாளர் பெயரிலேயே இன்னொரு சுயேச்சை நிற்பது சகஜம் என்பதால், வேட்புமனு வாபஸ் முடிந்து இறுதிப் பட்டியல் வந்த அன்றே பெயர்களை மறுபடி திருத்த வேண்டும். நாடாளுமன்றத் தேர்தல் என்றால் இன்னொரு குழி இருக்கிறது. காட்பாடி வேலூர் மாவட்டத்தில் இருந்தாலும் அரக்கோணம் நாடாளுமன்றத் தொகுதியில் சேரும். ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019-க்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டம் என்றாலும் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில்தான் இருக்கின்றன. மாவட்ட வரைபடத்தை வைத்து வடிகட்டும் டாஷ்போர்டு இரண்டு பக்கமும் தவறும்.

அடுத்தது மொழி. கமென்ட்டுக்கு நிறம் பிரிக்கும் கருவி மண்ணைக் கவ்வுவது இங்கேதான். ஆய்வாளர்கள் பலரும் பயன்படுத்தும், 2020-ல் வெளியான ஒரு தமிங்கிலத் (தமிழும் ஆங்கிலமும் கலந்த) தொகுப்பில் 15,744 யூடியூப் கமென்ட்டுகள் உண்டு. அவை சினிமா டிரெய்லர்களுக்கு அடியில் விழுந்தவை. அந்த மாதிரித் தொகுப்பில் பழகிய கருவிக்கு ‘செம்ம’, ‘மாஸ்’, ‘சம்பவம்’ எல்லாமே பாராட்டு. ‘செம்ம உருட்டு தலைவரே’ என்பது பச்சையில் போய் விழுகிறது. ‘ஏர்போர்ட் எப்ப சார், பேரன் கல்யாணத்துக்குள்ள வந்துருமா?’ என்பதில் திட்டுச்சொல் ஒன்றுகூட இல்லை. கருவிக்கு அது வெறும் கேள்வி, சாம்பல். ‘பாலாத்துல தண்ணி ஓடுது, கலர் கலரா’ என்று தோல் தொழிற்சாலைக் கழிவைக் குத்தினால் அதற்கும் பச்சை கிடைக்கலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து உருதுவை ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள். அது டில்லி உருது அல்ல, தக்னி. ‘ஹௌ’ என்றால் ஆமாம், ‘நக்கோ’ என்றால் வேண்டாம். ஒரு வேட்பாளரின் வீடியோ அடியில் வரிசையாக ‘நக்கோ’ விழுந்திருந்தால் அதைவிடத் தெளிவான எதிர்ப்பு கிடையாது. இந்தி அகராதியை நம்பும் கருவிக்கு அந்தச் சொல்லே பிடிபடாது. ஆந்திர எல்லைப் பக்கத்துத் தெலுங்குக்கும் இதே கதிதான். சாம்பல் பகுதி பெரிதாகத் தெரிந்தால் ‘மக்கள் நடுநிலையாக இருக்கிறார்கள்’ என்று விற்பனையாளர் விளக்கம் சொல்வார். பெரும்பாலும் அது கருவிக்குப் புரியாத மொழியின் அளவு. அந்தச் சாம்பலில் இருந்து ஐம்பது வரியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கமென்ட் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். மென்பொருள்கள் யூடியூபிலிருந்து தகவல் எடுக்கும் வழியான ஏபிஐ ஒரு நாளைக்கு 10,000 யூனிட் இலவசமாகத் தருகிறது. ஒரு தேடலுக்கு 100 யூனிட் போய்விடும். நூறு தேடலில் அன்றைய கணக்கு தீர்ந்தது. ஆனால் ஒரு வீடியோவின் கமென்ட்டுகளை நூறு நூறாக எடுக்க ஒரு யூனிட்தான். ஆகவே உள்ளூர் செய்திச் சேனல்களைக் கையால் பட்டியல் போட்டு, அவற்றின் புது வீடியோக்களை மட்டும் பின்தொடர்வதே புத்திசாலித்தனம். அப்படிச் செய்பவரிடம் சரக்கு இருக்கும். கமென்ட்டுக்கு வரும் பதில்கள் முழுதாக அதே அழைப்பில் வருவதில்லை, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நக்கலும் சண்டையும் நடப்பது அந்தப் பதில்களில்தான். அதை விட்டுவிட்டால் மேலே விழுந்த ‘வாழ்த்துகள் அண்ணா’ மட்டுமே மிஞ்சும். ஃபேஸ்புக் பதிவுகளைக் கண்காணிக்க உதவிய கிரவுட்டேங்கிள் 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. எனவே ‘ஃபேஸ்புக் முழுவதையும் பார்க்கிறோம்’ என்று யாராவது சொன்னால் எப்படி என்று ஒரு கேள்வி போடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பையும் பார்ப்போம் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

வேட்பாளரும் எதிராளியும் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் குறிப்பிட்டிருப்பார்கள். தேர்தல் ஆணையத் தளத்தில் அது கிடைக்கும். அந்தக் கணக்குகள் போடும் பதிவுகளை டாஷ்போர்டின் எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிட்டாலே பச்சை கொஞ்சம் வெளுக்கும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. உங்கள் தொகுதிக் கமென்ட்டில் 200-ஐ எடுங்கள். அந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் குறிக்கட்டும். ஒருவருக்காவது தக்னி தெரிந்திருக்க வேண்டும். இருவரும் ஒத்துப்போன வரிகளை மட்டும் வைத்துக் கருவியின் விடையோடு ஒப்பிடுங்கள். மொத்தச் சரியைப் பார்த்து ஏமாறக் கூடாது: 200-ல் 140 பச்சை என்றால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பச்சை என்று சொல்லும் கருவிகூட 70 சதவீதம் வாங்கிவிடும். சிவப்பில் எத்தனையைப் பிடித்தது, எத்தனையை விட்டது என்பதே மதிப்பெண்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஓட்டுக் கணிப்புக்கு இது உதவாது. 2021-ல் காட்பாடியில் துரைமுருகன் ஜெயித்தது 746 ஓட்டில். 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில் கதிர் ஆனந்த் ஏ.சி.சண்முகத்தை வென்றது 8,141 ஓட்டில். அதே இருவர் 2024-ல் மோதியபோது வித்தியாசம் 2 லட்சத்தைத் தாண்டியது. கமென்ட் போடுபவருக்குத் தொகுதியில் ஓட்டு இருக்கிறதா, அவர் துபாயில் இருக்கிறாரா என்றே தெரியாத கருவி 746-ஐ எங்கே பார்க்கும்? ஆனால் வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசல் பற்றிய கோபம் திங்கட்கிழமையில் இருந்து ஏறுகிறது, ஒரு வார்டில் குடிதண்ணீர் வரவில்லை என்று ஒரே நாளில் பலர் எழுதுகிறார்கள் என்பதைக் கருவி ஒழுங்காகக் காட்டுகிறது. அன்று மாலைப் பிரசாரத்தில் எதைப் பேசுவது என்று முடிவெடுக்க அது போதும். பொய்யான வீடியோ பரவத் தொடங்கியதும் வரும் எச்சரிக்கை மணியும் நன்றாகவே வேலை செய்கிறது. அதை மட்டும் தனியாக விற்றால் நல்லது.

‘அதிகம் எதிர்ப்பவர்கள்’ என்று கமென்ட் போட்டவர்களின் பெயர், புரொஃபைல் இணைப்போடு ஒரு பட்டியல் கொடுக்கிறார்கள். அந்தப் பக்கத்தை அடைத்துவிடச் சொல்லுங்கள். அந்தக் காகிதம் கட்சியின் ஒரு வட்டச் செயலாளர் கைக்குப் போனால் அப்புறம் நடப்பது தேர்தல் வேலையாக இருக்காது.

பில் விஷயம்: சமூக ஊடகக் குழுவின் சம்பளம், பதிவுகள் தயாரிக்கும் செலவு எல்லாம் தேர்தல் செலவில் சேரும் என்று ஆணையம் 2013-லேயே சொல்லிவிட்டது. சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம். ஆகவே வேட்பாளர் பெயருக்கே பில் வாங்கி, செலவுப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் ‘எங்களுக்கே அமோக ஆதரவு’ என்று டாஷ்போர்டு ஸ்கிரீன்ஷாட்டை வெளியே போடக் கூடாது.

ஒப்பந்தத்தில் ‘வாக்குப்பதிவு நாள் வரை’ என்று இருந்தால், தேதி தள்ளிப்போனால் என்ன என்றும் எழுதி வாங்குங்கள். 2019-ல் ஏப்ரல் 18-க்கு இருந்த வேலூர் வாக்குப்பதிவு இரண்டு நாள் முன்பு ரத்தாகி, ஆகஸ்ட் 5-ல்தான் நடந்தது. கமென்ட்டுத் தொகுப்பை எக்செல்லில் இறக்கித் தருவதும் அதே தாளில் இருக்கட்டும். கணக்கை முடித்த மறுநாள் லாகின் வேலை செய்யாது.