கண்டல் கரை எவ்வளவு கரைந்தது: ட்ரோனா, துணைக்கோளமா?

அமெரிக்காவின் லூசியானாவில் 1932க்கும் 2016க்கும் இடையே சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் கரையோர நிலம் கடலுக்குள் போனது. அந்த அளவு இழப்பைக் காட்ட, லேண்ட்சாட் துணைக்கோளத்தின் 30 மீட்டர் பிக்சலே (படத்தின் ஒரு புள்ளி தரையில் அடைக்கும் அகலம்) போதும். சிங்கப்பூரின் சுங்கை பூலோவிலும் புலாவ் உபினிலும் கண்டல் காடு ஒடுங்கிய பட்டைதான். அங்கே ஆண்டுக்கு ஒரு மீட்டர் போனாலும் வலிக்கும். அதை அளக்க ட்ரோன்தான் சரி.

துணைக்கோளத்தின் பலம் பழைய படங்கள். சென்டினல்-2 படங்கள் 2015இலிருந்து இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்து நாளுக்கொரு முறை, 10 மீட்டர் பிக்சல். ஆனால் நம்மூர் மேகத்துக்குத் தப்பும் படம் அபூர்வம். தப்பினாலும், துணைக்கோளம் எப்போதும் நண்பகலுக்குச் சற்று முன்னரே கடந்துபோகும். கடல்நீர் இறங்கியிருக்கும் வற்று நேரத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. சேற்றின்மேல் படரும் பாசியும் அகச்சிவப்பில் செடிபோலத் தெரிந்து ஏமாற்றும்.

ட்ரோனை 60 மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டால், ஓர் அங்குல சென்சாரில் பிக்சல் 1.6 சென்டிமீட்டர். ஒரு படம் அடுத்த படத்தின்மேல் படியும் அளவு, அதாவது மேற்படிவு, முன்பின் 80%, பக்கவாட்டில் 70%. பறக்கும் கோடுகளுக்கிடையே சுமார் 27 மீட்டர். ஓரக் கோடுகளில் பாதிப் படத்திலாவது காடு இருக்கட்டும். வெறும் தண்ணீர்ப் படத்தில் பக்கத்துப் படத்தோடு இணைக்கப் பொருத்துப் புள்ளிகள் கிடைக்காது, மென்பொருள் அதைத் தள்ளிவிடும்.

முடிவைத் தீர்மானிப்பது பிக்சல் அல்ல. இரண்டு ஆண்டுப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகின்றன என்பதுதான். சாதாரண ஜிபிஎஸ் மட்டும் உள்ள ட்ரோனில் படம் முழுதும் இரண்டு மூன்று மீட்டர் நகரலாம். அப்படியானால் ‘இரண்டு மீட்டர் அரிப்பு’ என்பது ஜிபிஎஸ் பிழையாகவே இருக்கலாம்! ஜிபிஎஸ் பிழையை அப்போதைக்கப்போது திருத்தும் ஆர்டிகே வேண்டும், அந்தத் திருத்தத்துக்குச் சிங்கப்பூர் நில ஆணையத்தின் சைரன்ட் வலையமைப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் சிங்கப்பூரின் நில அளவை முறையான எஸ்விஒய்21 ஆயங்களில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டுப் பலகைகளை (இடம் துல்லியமாக அளந்து வைத்த, படத்தில் தெரியும் அடையாளங்கள்) சேற்றில் வைத்தால் ஒரே ஏற்றத்தில் புதைந்துபோகும் அல்லது மிதந்துபோகும். நடைபாதைப் பலகை, கான்கிரீட் வடிகால் ஓரம் போன்ற அசையாத இடங்களில் ஐந்து வையுங்கள். மேலும் இரண்டைக் கணக்கில் சேர்க்காமல் சரிபார்க்க மட்டும் ஒதுக்குங்கள். அந்த இரண்டில் 5 சென்டிமீட்டருக்கு மேல் பிழை வந்தால், அந்தப் படத்தில் கோடு வரைய வேண்டாம்.

கோடு வரையும்போது நீர்விளிம்பைத் தொடாதீர்கள். சேற்றின் சரிவு நூற்றுக்கு ஒன்று என்றால், 10 சென்டிமீட்டர் நீர்மட்ட வேறுபாடு நீர்க்கோட்டைப் பத்து மீட்டர் தள்ளிவிடும். செடி விளிம்பையே பிடியுங்கள். அங்கும் ஒரு வில்லங்கம்: கிளைகள் கரைக்கு வெளியே தொங்கும், அடியில் வேர்மண் எப்போதோ போயிருக்கும். அரிப்பு தெரிவது மரம் சாய்ந்த பிறகே. அதனால் ஒவ்வொரு முறையும் நாடாவைப் பிடித்துச் சில இடங்களில் கரைமேட்டை நேரில் அளந்துவிடுங்கள். லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் இதைத் தீர்க்கலாம். ஆனால் அடர்ந்த வேர்க்கூட்டத்தில் அதை ஓட்டிய அனுபவம் போதாது, அதனால் பரிந்துரைக்கவில்லை.

ட்ரோனின் உண்மையான தலைவலி அனுமதிதான். 250 கிராமுக்கு மேல் பதிவு கட்டாயம். 200 அடிக்கு மேலோ விமானத்தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளோ பறக்கத் தனி அனுமதி. பூங்காவுக்குள் என்றால் தேசிய பூங்காக் கழகத்திடமும் கேட்கவேண்டும். வற்று அட்டவணையைப் பார்த்து, ஒன்றுக்கு மூன்று தேதிகளாக விண்ணப்பியுங்கள்; ஒரு நாள் மழை பெய்தாலும் அடுத்த நாள் இருக்கும்.