1998 மாடல் பொக்லைன், 13 வருட அனுபவம்: சென்டர் ஜாயிண்ட் சீல் தேடிய கதை

சித்தி மகன் போன வாரம் போனில் கேட்டான்: "அண்ணா, உங்க மாடல் வண்டியே ஒண்ணு தாராபுரத்துப் பக்கம் விலைக்கு வருதுங்க. போன வருசம் சொன்னதுக்கு ரெண்டு லட்சம் குறைச்சிருக்காங்க. எடுக்கட்டுங்களா?" அன்றைக்குத்தான் என் வண்டி 23 நாள் நின்றுவிட்டு மறுபடி வேலைக்குப் போயிருந்தது. கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவனுக்கும், பழைய செயின் வண்டி எடுக்கலாமா என்று கணக்குப் போடுகிற மற்றவர்களுக்கும் இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

20 டன் வண்டி. 2011இல் மூன்றாவது ஓனராக வாங்கினேன். கம்பெனி பெயரை எழுதவில்லை. எங்கள் பக்கம் மண் அள்ளும் எல்லாச் செயின் வண்டியும் பொக்லைன்தான். அந்தப் பெயரே ஒரு பிரெஞ்சுக் கம்பெனியுடையது. இன்று அது ஹைட்ராலிக் மோட்டார், பம்ப்தான் செய்கிறது, மண் அள்ளும் வண்டி செய்வதில்லை. பெயர் மட்டும் நம் ஊரில் நின்றுவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என்ஜின் கம்மின்ஸ் 6பிடி, ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர். இதே குடும்பத்து என்ஜின் டாடா லாரிகளிலும் ஓடியது, ஜாம்ஷெட்பூரிலேயே செய்தார்கள். அதனால் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் எதற்கும் நான் அலைந்ததே இல்லை. 2016இல் என்ஜினைப் பிரித்தபோது காலையில் நாமக்கல் போய் மாலைக்குள் எல்லாச் சாமானும் வாங்கிவந்தேன். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 102 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 120 என்று சொன்னாலே கடைக்காரர் எழுந்து ராக்குக்குப் போய்விடுவார். பக்கெட் பல் பக்கத்து ஊரிலேயே கிடைக்கிறது. மூட்டுகளில் வரும் பின், புஷ் இரண்டையும் லேத்தில் கடைந்து போடுகிறோம். ஹோஸ் வெடித்தால் ஒரு மணி நேரத்தில் பிரஸ் அடித்துக் கொடுக்கிறார்கள். இந்த விஷயத்தில் புது வண்டிக்காரர்களைவிட நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

என்னை உட்கார வைத்தது சென்டர் ஜாயிண்ட்.

தெரியாதவர்களுக்கு: மேல்கட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், கீழே செயின் ஓட்டும் மோட்டாருக்கு எண்ணெய் போக வேண்டும். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் எண்ணெயை இறக்கிவிடுவது நடுவில் இருக்கும் இந்த ஜாயிண்ட். வெளியே ஒரு கூடு, உள்ளே ஒரு தண்டு, அதில் வரிசையாகக் காடிகள் (வளையம் உட்காரும் பள்ளங்கள்), எண்ணெய் ஒழுகாமல் அடைக்கும் சீலாகக் காடிக்கு ஒரு டெஃப்லான் வளையம், அதன் அடியில் ஓ ரிங் என்கிற ஒரு ரப்பர் வளையம். வண்டி நடக்கும்போது முந்நூறு பாருக்கு மேல் அழுத்தம் வரும். லாரி டயரில் எட்டு பார் காற்று அடிக்கிறோம், ஒப்பிட்டுப் பாருங்கள்.

ராசிபுரம் பக்கம் ஒரு பண்ணைக்குட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது வண்டி இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. மேடு ஏறச் சொன்னால் இடது செயின் சும்மா நின்றது. மோட்டார் போச்சு, லட்சக்கணக்கில் ஆகும் என்று இரண்டு மெக்கானிக் சொல்லிவிட்டார்கள். எங்கள் பழைய ஃபிட்டர் மட்டும் ஸ்பேனரை எடுத்தார். ஜாயிண்டுக்கு மேலே இடது, வலது ஹோஸ்களை மாற்றி மாட்டினார். கோளாறு வலது பக்கத்துக்குப் போயிருந்தால் பம்ப் அல்லது வால்வு. போகவில்லை, இடதிலேயே நின்றது. அப்புறம் ஜாயிண்டுக்குக் கீழே மாற்றி மாட்டினார். இப்போது கோளாறு வலது செயினுக்குத் தாவியது. அப்படியானால் இரண்டு மோட்டாரும் நன்றாக இருக்கிறது, எண்ணெய் ஜாயிண்டுக்குள் ஒழுகுகிறது. ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜாயிண்ட் என்று தெரிந்ததும் இரண்டு நாள் வேலை என்றுதான் நினைத்தேன். டீலரிடம் போனேன். ஒரே மாடலில் ஒரு குறிப்பிட்ட சீரியல் நம்பருக்கு முன்னால் ஒரு ஜாயிண்ட், பின்னால் வேறு ஜாயிண்ட் என்றார்கள். என் வண்டி அந்த நம்பருக்கு முன்னால் வந்தது. பழைய சீல் கிட் நிறுத்தியாயிற்று, மாற்று நம்பர் இருக்கிறது, அது பொருந்தும் என்று முன்பணம் வாங்கினார்கள். பதினோரு நாள் கழித்துப் பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால் வளையம் காடியைவிட அகலம். திருப்பிக் கொடுக்கப் போனால், "பிரிச்ச பெட்டியை எடுக்க மாட்டோங்க." பிரிக்காமல் எப்படி அளந்து பார்ப்பது? இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இருபத்தைந்து வருடத்துப் பழைய வண்டிக்கு எல்லாச் சாமானையும் ஸ்டாக் வைக்க முடியாது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். கவுண்டரில் இருந்த பையனும் மரியாதையாகத்தான் பேசினான். இல்லை என்றால் இல்லை என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். அந்தப் பதினோரு நாளும் என் ஆபரேட்டருக்குப் பேட்டா கொடுத்துக்கொண்டிருந்தேன், குட்டைக்காரர் மழைக்கு முன்னால் முடியுமா என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து வெளிக் கடைகள். ஓ ரிங் தானே என்று நினைக்காதீர்கள். ஜப்பான் அளவில் ஜி வரிசை ஓ ரிங் 3.1 மில்லிமீட்டர் தடிமன். கடையில் 3 மில்லிமீட்டரை எடுத்து நீட்டி "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்கள். ஒன்றில்லை. அந்த அழுத்தத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் போதும், மூன்றாம் நாளே ஒழுகும். பேரிங் இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை. 6310 என்று மேலேயே அடித்திருக்கும், கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 50 மில்லிமீட்டர், எந்த ஊரிலும் வாங்கிவிடலாம். டெஃப்லான் வளையத்தில் ஒரு எழுத்தும் இருக்காது.

கடைசியில் கோவையில் கணபதி பக்கம் ஒரு சின்னப் பட்டறை இருப்பதாக ஃபிட்டர் சொன்னார். சிஎன்சி லேத்தில் சீல் கடைந்து கொடுப்பார்கள். பழைய வளையங்களைக் கவரில் போட்டுக்கொண்டு போனேன். அந்த மனிதர் கவரைத் திறக்கவே இல்லை. "சீல் எண்ணெயில ஊறி, தேஞ்சு, அளவு மாறியிருக்குங்க. காடியைக் கொண்டாங்க" என்றார். திரும்பி வந்து தண்டையும் கூட்டையும் சாக்கில் கட்டி மறுநாள் பஸ்ஸில் ஏற்றினேன். காடியின் அகலம், ஆழம், கூட்டின் உள்விட்டம் மூன்றையும் இரண்டு தடவை அளந்து தாளில் எழுதிக்கொண்டார். பிறகு வெண்கலத்தூள் கலந்த டெஃப்லான் உருளையை மாட்டினார். காப்பித்தூள் நிறத்தில் நாடா நாடாவாகச் சீவல் விழுந்தது. அரை மணி நேரத்தில் எல்லா வளையமும் என் கையில், இளஞ்சூட்டோடு. கம்பெனி கிட்டுக்குக் கொடுத்ததில் கால் பங்குகூட ஆகவில்லை.

மாட்டும் விதத்தையும் அவரே சொன்னார். வளையத்தைக் கொதிநீரில் போட்டு இளக்கி, துணியால் பிடித்து இழுத்துக் காடியில் இறக்க வேண்டும். இழுத்ததில் கொஞ்சம் பெரிதாகியிருக்கும். பிஸ்டன் ரிங் கம்ப்ரசரைச் சுற்றி இறுக்கி ஆறவிட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும். அதைச் செய்யாமல் கூட்டுக்குள் தள்ளினால் விளிம்பு சீவிக்கொண்டு போய்விடும். நாங்கள் அப்படியே செய்தோம். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராக நடக்கிறது. இவ்வளவு வருடத்தில் அந்த வண்டி இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. மேட்டில் அது ஏறியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தம்பி, இவ்வளவும் சொன்ன பிறகும் என் பதில் வேண்டாம் என்பதுதான். வண்டி தங்கம், என்ஜினுக்கு நான் பொறுப்பு. ஆனால் உன்னிடம் இருப்பது ஒரே வண்டி, மாதம் பிறந்தால் தவணை. எனக்கு அந்த 23 நாளைத் தாங்க இன்னொரு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கையில் நல்ல ஃபிட்டரும், கைக்கெட்டும் தூரத்தில் நல்ல பட்டறையும் இல்லாமல் இந்த வயது வண்டியில் இறங்காதே. அந்த இரண்டு லட்சத்தைப் பார்த்து மயங்காதே.

ஒரு உதவி மட்டும் செய். தாராபுரம் போனால் நேம் பிளேட்டை துடைத்து சீரியல் நம்பரை போட்டோ எடுத்து அனுப்பு. என் வண்டியைப் போல முந்தின வரிசையாக இருந்தால், ஓடாத நிலையில் இருந்தாலும் பரவாயில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன். ஜாயிண்டும் மேல்கட்டைச் சுற்றும் ஸ்விங் மோட்டாரும் கழற்றி வைக்க ஷெட்டில் இடம் இருக்கிறது.