பாதம் தூக்கும் மின்கருவி: மூன்று வருடம் கட்டி நடந்த அனுபவம்

பக்கவாதம் வந்த முதல் வருடம் என் இடது செருப்பு முன்பக்கம் மட்டும் தேய்ந்து ஓட்டையாகிவிடும். பாதம் தொங்கிப்போய், அடிக்கு அடி பெருவிரல் தரையை உரசிக்கொண்டே வரும். இப்போது அதே செருப்பு குதிகால் பக்கம் தேய்கிறது. நான் தேறி வருகிறேன் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்கு வேண்டாம்.

எனக்கு மூளையின் வலது பக்கம் அடைப்பு. அதனால் இடது கையும் காலும் விழுந்தன. அப்போது வயது 52, தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியை. நான்கு மாதத்தில் காலை ஊன்றி நிற்க வந்துவிட்டது. பாதம் மட்டும் மேலே எழவில்லை. காலை அரிவாள் மாதிரி வெளியே வளைத்துச் சுழற்றித்தான் அடுத்த அடி வைப்பேன். புடவை கட்டுகிறவர்களுக்கு இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கொசுவத்தில் விரல் மாட்டினால் அப்படியே குப்புற விழவேண்டியதுதான். இரண்டு முறை விழுந்தேன்.

முதலில் போட்டது ஸ்பிளிண்ட். காலுக்கு மாவுக்கட்டு அச்சு எடுத்து பிளாஸ்டிக்கில் செய்து கொடுப்பார்கள். பாதம் தொங்காமல் பிடித்துக்கொள்ளும், விலையும் சில ஆயிரம்தான். ஆனால் கணுக்கால் அசையாது. மொசைக் தரையில் வழுக்கும். இடது காலுக்கு ஒரு அளவு பெரிய செருப்பு வாங்கவேண்டும். எட்டு மாதம் அதில்தான் ஓட்டினேன். அது என்னை விழாமல் காப்பாற்றியது என்பதையும் சொல்லவேண்டும்.

அப்புறம்தான் இந்தக் கருவி. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஓர் எலும்பு முடிச்சு தட்டுப்படும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அந்த முடிச்சை ஒட்டி, தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அந்த நரம்பின்மேல், கரண்ட் பாய்ச்சத் தோலில் ஒட்டும் ஒரு ஜெல் பேட், முன்னங்கால் தசைமேல் இன்னொன்று. செருப்புக்குள் குதிகால் படும் இடத்தில் ஒரு சின்ன சுவிட்ச். குதிகால் தரையை விட்டு எழுந்ததும் கரண்ட் பாய்ந்து பாதம் தூக்கும். குதிகால் தரையில் பட்டதும் நின்றுவிடும். யோசனை பழையதுதான். லிபர்சன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1961-லேயே இதை வெளியிட்டிருக்கிறார்கள். முதல் நாள் கட்டியபோது, அத்தனை மாதமாக என் பேச்சைக் கேட்காத பாதம் தானாக எழுந்தது. என் மகள் அழுதுவிட்டாள். நானும்தான்.

இரண்டு வளையலை அடகு வைத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டீச்சர், வீட்டுக்குள்ள செருப்பு போடுவீங்களா?" எனக்கு வயிற்றைக் கலக்கியது. சுவிட்ச் இருப்பது செருப்பில். வாசலில் செருப்பைக் கழற்றினால் கருவி செத்துவிடும். சமையலறை, கோயில், கல்யாண வீடு எங்குமே அது எனக்கு இல்லை. விற்றவர் இதைக் கேட்கவே இல்லை, எனக்கும் தோன்றவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் வாங்கி, குதிகாலில் சின்னப் பை தைத்து, சுவிட்சை அதற்குள் வைத்தோம். இன்றுவரை வீட்டில் அப்படித்தான் நடக்கிறேன்.

அடுத்த பாடு, பேட் ஒட்டும் இடம். ஒரு விரற்கடை தள்ளிப்போனாலும் பாதம் நேராக எழாமல் வெளியே திரும்பிக்கொள்ளும். முதல் மாதம் தினமும் காலையில் இதற்கே அரைமணி நேரம் போனது. மகள்தான் சரியான இடத்தில் மருதாணிப் பொட்டு வைத்துவிட்டாள். ஒரு வாரம், பத்து நாள் நிற்கும். மங்கினால் மறுபடி வைத்துக்கொள்வேன். இப்போது ஒரே கையால் மூன்று நிமிடத்தில் கட்டிவிடுகிறேன்.

சித்திரை வெயிலில் வியர்வைக்குப் பேட் நிற்காது. மதியம் ஒருமுறை கழற்றித் துடைத்து மறுபடி ஒட்டவேண்டும். இரவில் காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தை அந்த இடத்தில் மட்டும் விட்டுவிட்டேன்; எண்ணெய்ப் பசை இருந்தால் பேட் பிடிக்காது. ஒரு ஜோடி மூன்று வாரம் வரும். காய்ந்த பேட் ஊசி குத்துவது போல இருக்கும், இரண்டு சொட்டுத் தண்ணீர் தடவினால் சரியாகும். தோல் சிவந்தால் ஒருநாள் ஸ்பிளிண்டுக்கு மாறிவிடுவேன். அதனால் அதைத் தூக்கிப்போடாதீர்கள்.

கருவியைக் கழற்றினாலும் பாதம் எழுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். படுத்திருக்கும்போது கொஞ்சம் தூக்க வருகிறது. நாள் முழுக்கக் கட்டி நடந்துவிட்டுக் கழற்றினால் சிறிது நேரம் நடை நன்றாக இருக்கிறது, பிறகு பழையபடிதான். 2013-ல் அமெரிக்காவில் 197 பேரிடம் 30 வாரம் ஸ்பிளிண்டையும் இந்தக் கருவியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நடைவேகம் இரண்டு குழுவுக்கும் கூடியது, இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மனத்திருப்தி மட்டும் கருவி போட்டவர்களுக்கு அதிகம். என் அனுபவமும் அதேதான். பணம் நெருக்கடி என்றால் ஸ்பிளிண்டை நம்பி நடக்கலாம், எதையும் இழந்துவிட மாட்டீர்கள்.

எதிர்வீட்டு அண்ணன் தன் போலியோ காலுக்கு இது ஆகுமா என்று ஆசையாகக் கேட்டார். ஆகாது என்று சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் சொன்னேன். மூளை பாதிக்கப்பட்டு, காலுக்கு வரும் நரம்பு நன்றாக இருந்தால்தான் கரண்டுக்குத் தசை அசையும். போலியோவில் தசையை இயக்கும் நரம்பணுக்களே போய்விடுகின்றன. இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள், வலிப்பு வருபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு வாரம் வாடகைக்கோ சோதனைக்கோ கேளுங்கள். கடையின் டைல்ஸ் தரையில் நடந்து பார்த்தது போதாது. உங்கள் வீட்டில், வெறுங்காலோடு, வாசற்படி ஏறி இறங்கிப் பாருங்கள். செருப்பு சுவிட்ச் இல்லாமல், முழங்காலுக்குக் கீழே கட்டும் பட்டையிலேயே கால் சாய்வதை உணர்ந்து வேலை செய்யும் வகையும் இருக்கிறது. விலை கூடுதல். இது பழுதானால் நான் வாங்கப்போவது அதைத்தான்.